நடு உறுப்பு

ராமாமணி டீச்சர் கரும்பலகையில் (x + 4)² என்று எழுதி, சமக்குறி போட்டு, x² + 16 என்று முடித்துவிட்டுத் திரும்பினார். ஆடிக்காற்றில் ஒன்பதாம் வகுப்பின் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. முன்பெஞ்சுப் பிள்ளைகள் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த சாய்ப்ரியா மட்டும் எழுதவில்லை. நடுவில் 8x வரவேண்டும், வரவில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இந்தக் கணக்கை அவள் ஏழாவது படிக்கும்போதே வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து இதே டீச்சரிடம் கற்றுக்கொண்டிருந்தாள். ராமாமணி அவளுடைய அம்மா.

பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே வீட்டில் பேசி முடிவான விஷயம். அதனால் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "டீச்சர், நடு உறுப்பு விட்டுப்போச்சுங்க" என்றாள்.

ராமாமணி பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுக்குப் பெயர் கிடைக்காமல் நிற்பவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு சிரித்துக்கொண்டு, "கண்டுபுடிச்சுட்டியா அம்மணி" என்று 8x-ஐ இடையில் நுழைத்து எழுதினார். வகுப்பும் சிரித்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசின. ராமாமணி டீச்சர் தப்புப் போட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. பீளமேட்டுக்குப் பின்னால், பழைய மில் ஒன்றின் மதிலை ஒட்டியிருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் இருபத்தைந்து வருஷமாக இயற்கணிதம் என்றால் ராமாமணி டீச்சர்தான். மற்ற டீச்சர்கள் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். இவர் சதுரமாக ஒரு காட்டை, அதாவது விளைநிலத்தைப் பலகையில் வரைவார். ஒரு பக்கம் a, அதோடு சேர்த்து b. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. பெரிய சதுரம் ஒன்று, சின்னச் சதுரம் ஒன்று, இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு துண்டு. "காட்டை வெலை பேசிப்போட்டு இந்த ரெண்டு துண்டையும் விட்டுப்போட்டு வந்துருவீங்களா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு 2ab-ஐ யாரும் மறப்பதில்லை. அந்தத் துண்டைத்தான் அவர் இன்றைக்கு விட்டிருந்தார்.

"டீச்சர் வேணும்னேதான் போட்டாங்க" என்றாள் சாய்ப்ரியா. சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்துவிட்டது. "யாரு கண்டுபுடிக்கறாங்கன்னு பாக்கறதுக்கு. இனிமே இப்படித்தான் அப்பப்ப போடுவாங்களாமா."

அவளுடைய பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஃபத் அதைக் கேட்டதும் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தாள். "நான் கண்டுபுடிக்கலையே பிரியா" என்றாள்.

*

வீட்டில் இது வேனில் விடுமுறையிலேயே தொடங்கிவிட்டது. வரதராஜபுரத்தில் அவர்கள் வீடு. அப்பா பங்காரு பம்ப்செட் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் வேலை. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவது, சுற்றியதை வார்னிஷில் முக்கிக் காயவைப்பது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் கையில் அந்த வார்னிஷ் வாசனை இருக்கும். பேச்சு குறைவு. வீட்டில் மூன்று பேரும் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசிக்கொள்வார்கள். அதிலும் ராமாமணிதான் அதிகம் பேசுவார்.

சித்திரையில் ஒருநாள் அரிசிம்பருப்பு சோற்றில் உப்பு இரண்டு முறை விழுந்தது. அது யாருக்கும் நடக்கும். அடுத்து, பால்காரருக்குக் கொடுக்கிற பாத்திரத்தைப் பீரோவுக்குள் வைத்துவிட்டுத் தேடினார். பள்ளி திறக்கும் முன்னால் சாய்ப்ரியாவுக்குச் சீருடைத் துணி எடுக்கக் காந்திபுரம் போனவர், துணியை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் நிலையத்தில் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். எந்த பஸ் வீட்டுக்குப் போகும் என்பது நினைவுக்கு வரவில்லை. யாரோ ஒரு பூக்காரம்மா அவருடைய போனை வாங்கிப் பங்காருவைக் கூப்பிட்டார். பங்காரு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து கூட்டிப்போனார். வழியில் ராமாமணி வாயே திறக்கவில்லையாம். வீட்டுக்கு வந்ததும், வெயிலில் தலை கிறுகிறுத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அவிநாசி ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பங்காருவைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். மூளையில் ஒரு பகுதி சுருங்கிக்கொண்டு வருகிறது. ஐம்பது வயதில் இது வருவது அபூர்வம், ஆனால் வருவதுண்டு. போனது திரும்பாது. மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். பங்காரு வெளியே வந்து ராமாமணியிடம் நரம்புத் தளர்ச்சி என்றார். சாய்ப்ரியாவிடம் மாத்திரம், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லருகே நிற்கவைத்து உண்மையைச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னார்.

"பள்ளிக்கூடம் இருக்கற வரைக்கும் உங்கம்மா நல்லா இருப்பா கண்ணு. அதை எடுத்துப்போட்டா அவளுக்கு வேற என்ன இருக்குது? நீ அதே கிளாஸ்லதான் இருக்கற. கொஞ்சம் பாத்துக்க."

அவள் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, காப்பி குடித்து, ராமாமணி மறுநாள் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வார். சாய்ப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குப் புரியவில்லை என்று சொல்லி ஒவ்வொரு கணக்காகக் கேட்பாள். மகளிடம் சொல்லும்போது அவருக்கு எல்லாம் ஒழுங்காக வரும். பாவு அறுந்துபோகாமல் தறி ஓடுகிற மாதிரி வரும். x² + 5x + 6-ஐக் காரணிப்படுத்த, கூட்டினால் ஐந்தும் பெருக்கினால் ஆறும் வருகிற இரண்டு எண்களை எப்படித் தேடுவது என்று அழகாகச் சொல்வார். சாய்ப்ரியா நிம்மதியாகப் படுக்கப் போவாள். மறுநாள் வகுப்பில் அதே கணக்கில் இரண்டையும் மூன்றையும் எழுதவேண்டிய இடத்தில் ஒன்றையும் ஆறையும் எழுதிவிட்டு நிற்பார். ஒருநாள் அடைப்புக்குள் இருப்பதை எண்ணும்போது, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ண ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அவரும் சிரித்தார். ஆனால் தான் எந்த பாஷையில் எண்ணினோம் என்பது அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

கண்ணில் பட்ட ஒவ்வொரு தடவையும் சாய்ப்ரியா எழுந்து திருத்தினாள். கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் எழுதும்போதே கழுகுப் பார்வை பார்த்து, தப்பைக் கண்டுபிடித்துக் கை தூக்குவதில் அவர்களுக்குள் போட்டி வந்துவிட்டது. மற்றவர்கள்தான் குழம்பினார்கள். எது பாடம், எது பரீட்சை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கைகள் உயராத நாட்களில், சாய்ப்ரியாவும் கவனிக்காமல் விட்ட இடங்களில், தப்பு தப்பாகவே நோட்டுக்குள் போயிற்று.

ரிஃபத் அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி. சிங்காநல்லூர் ரோட்டில் அத்தா என்று அவள் கூப்பிடுகிற அப்பா ரசாக்குக்குப் பஞ்சு மெத்தை தைக்கிற கடை. ரிஃபத் மெதுவாகப் படிக்கிறவள், ஆனால் படித்ததை விடமாட்டாள். பாலிடெக்னிக்கில் சேர்ந்து மெஷின் வரைபடம் படிக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. முன்பெல்லாம் புரியாவிட்டால் எழுந்து கேட்பாள். ராமாமணிக்கு அதனாலேயே அவளைப் பிடிக்கும். இந்த விளையாட்டு ஆரம்பித்த பிறகு அவள் எழுந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். டீச்சரின் தப்பையே கண்டுபிடிக்கத் தெரியாதவள் என்ன கேட்பது என்று இருந்துவிட்டாள். சாய்ப்ரியாவுக்கு அது தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் ஒன்றைச் சொல்லப்போனால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும் என்று சும்மா இருந்தாள்.

காலாண்டுத் தேர்வுத் தாள்களை அந்த வருஷம் பள்ளிக்குப் பள்ளி மாற்றி, வேறு டீச்சர்களை வைத்துத் திருத்தினார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாதிக்கு மேல் கணக்கில் தவறியிருந்தார்கள். தலைமையாசிரியை வெங்கடம்மாள் ராமாமணியைக் கூப்பிட்டு, இந்த வருஷம் வந்த பிள்ளைகள் மட்டமோ என்று கேட்டார். ராமாமணி அப்படித்தான் போலிருக்கிறது என்று வருத்தத்தோடு ஒத்துக்கொண்டார். வீட்டில் வந்து அதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டார். பங்காரு தலையைக் குனிந்தபடி கொள்ளுப்பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

*

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிஃபத்தைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா தாஜுன்னிசா வந்தாள். கையில் ஒரு தூக்குப்போசியில் இடியாப்பமும் பாயாவும் இருந்தது. வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. அவளும் ராமாமணியிடம் படித்தவள்தான். டீச்சர் வேலைக்கு வந்த புதிதில் பத்தாவது படித்தாள்.

"டீச்சர், என்னையவே பாஸ் பண்ண வெச்சவங்க நீங்க. நீங்க வரைஞ்ச அந்தக் காடு இன்னைக்கும் எங்கண்ணுக்குள்ள நிக்குதுங்க. எம்புள்ளைக்கு ஏறமாட்டேங்குது. உக்காந்து அழுவறா. நான் முட்டாளும்மா, கணக்கு வேண்டாம், பத்தாவதோட மெத்தைக்கடைக்கே வந்தர்றேன்கிறா. அவங்கத்தா பாலிடெக்னிக் பாலிடெக்னிக்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கறாரு. நீங்க ஒரு ரெண்டு வாரம் தனியா வெச்சுச் சொல்லிக்குடுத்தீங்கன்னா போதுங்க."

ராமாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதெல்லாம் கேட்கவேண்டுமா என்றார். தாஜுன்னிசாவைப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரச்சொன்னார். ரிஃபத்தை முன்னறையில் பாயில் உட்காரவைத்துத் தானும் எதிரில் உட்கார்ந்தார். பங்காரு அன்றைக்கு ஓவர்டைம் போயிருந்தார். சாய்ப்ரியா சுவரோரமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கிற வேலை அவ்வளவு ஒன்றும் அவசரமில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டுப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை.

ராமாமணி (x + 3)² கொடுத்தார். ரிஃபத் வெகுநேரம் யோசித்து, விரலால் காற்றில் சதுரம் வரைந்து பார்த்து, மெல்ல எழுதினாள். x² + 6x + 9. எழுதிவிட்டு அவள் நிமிர்ந்தபோது முகத்தில் லேசான வெளிச்சம் இருந்தது. ராமாமணி அதை வாங்கிப் பார்த்தார். பென்சிலால் 6x-ஐ அடித்தார்.

"இது எங்கிருந்து வந்துச்சு கண்ணு? எக்ஸுக்கு வர்க்கம் எக்ஸ் ஸ்கொயர். மூணுக்கு வர்க்கம் ஒம்பது. அவ்வளவுதான? நடுவால ஒண்ணை ஏன் சொருகற?"

குரலில் துளிக் கோபமில்லை. அவர் எப்போதும் பேசுகிற அதே பதமான குரல். ரிஃபத் சரிங்க டீச்சர் என்றாள். ரப்பரை எடுத்து, தாள் கிழியாமல் மெதுவாக அழித்தாள். அழிக்கும்போது அவள் கண் சாய்ப்ரியாவிடம் போயிற்று. இது டெஸ்டா, அல்லது நான்தான் இப்படியா என்று கேட்கிற கண். அடுத்ததாக (x + 5)². ரிஃபத் தயங்காமல் x² + 25 என்று எழுதினாள். ராமாமணி சரி போட்டு, "அவ்வளவுதான் கண்ணு, இதுக்குப் போயி அழுவலாமா" என்று அவள் தலையைத் தடவினார்.

சாய்ப்ரியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரிஃபத், நீ மொதல்ல போட்டதுதான் சரி."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, அவ போட்டது சரிங்கம்மா. நீங்க அடிச்சது தப்பு."

ராமாமணி கோபப்படவில்லை. அப்படியா என்றார். சந்தேகம் வந்தால் இருக்கவே இருக்கிறது வழி, எக்ஸுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துபோகிறது என்றார். வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி அது. எது போனாலும் அது இன்னும் கையில் இருந்தது. அவரே பென்சிலை எடுத்தார். ஒன்றும் மூன்றும் நான்கு, நான்குக்கு வர்க்கம் பதினாறு. இந்தப் பக்கம் ஒன்றுக்கு வர்க்கம் ஒன்று, அதோடு ஒன்பது, பத்து. பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பதினாறைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எங்கோ கூட்டலில் பிசகியிருக்கும் என்று இரண்டைப் போட்டுப் பார்த்தார். இருபத்தைந்து. பதின்மூன்று.

ஓட்டுச்சாய்ப்பில் மழை மறுபடியும் விழ ஆரம்பித்தது. ராமாமணி இரண்டு வட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தும் பதினாறும் ஒண்ணாகுமா கண்ணு?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"ஆகாதுங்க டீச்சர்" என்றாள் ரிஃபத்.

"அப்ப நாந்தான் தப்பு."

அவர் பென்சிலைப் பாயில் வைத்தார். ரிஃபத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "டீச்சர், இது நீங்க வேணும்னே போடறதுதானுங்களே. பிரியா சொன்னா" என்றாள்.

என்ன சொன்னாள் என்று ராமாமணி கேட்டார். ரிஃபத் எல்லாவற்றையும் சொன்னாள். கண்டுபிடிக்கிற விளையாட்டு, கை தூக்குகிற போட்டி, தன்னால் ஒருநாளும் முடியாமல் போனது எல்லாம். சாய்ப்ரியா உரித்த வெங்காயத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ராமாமணி அவளைத் திட்டவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். ஆடியிலிருந்து என்றாள்.

"அத்தன புள்ளைங்களும், தாங்கதான் முட்டாளுன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்துச்சா?"

சாய்ப்ரியா உரித்த தோலையெல்லாம் முறத்தில் அள்ளினாள்.

*

பங்காரு வேலையிலிருந்து வந்து மழையில் நனைந்த பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தபோதே ராமாமணி கேட்டுவிட்டார். தனக்கு என்ன வியாதி, நிஜத்தைச் சொல்லவேண்டும் என்றார். அவர் நரம்பு என்று ஆரம்பித்தார். "நரம்பு இல்லீங்க. பத்தும் பதினாறும் ஒண்ணுன்னு போட்டிருக்கறேன். சொல்லுங்க" என்றார் ராமாமணி. பங்காரு வாசற்படியிலேயே உட்கார்ந்து சொன்னார். சொல்லி முடித்ததும் ராமாமணி கேட்ட முதல் கேள்வி, இது சாய்ப்ரியாவுக்கு வருமா என்பது. அப்படியெல்லாம் கட்டாயம் இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். அதன்பிறகு ராமாமணி தாஜுன்னிசா கொண்டுவந்த இடியாப்பத்தை மூன்று தட்டில் எடுத்துவைத்து, எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். யாராலும் சாப்பிட முடியவில்லை. அவர் மட்டும் சாப்பிட்டார். மெதுவாக, ஒவ்வொரு வாயாக.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தை விட்டுவிடப்போவதாகச் சொன்னார். பங்காரு கெஞ்சினார். இந்த ஒரு வருஷம் மட்டும், ஆறாவதும் ஏழாவதும் எடுத்துக்கொண்டு ஓட்டலாம் என்றார். ஆறாவது பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று கேட்டார் ராமாமணி. பங்காரு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் சாய்ப்ரியாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்கிட்டப் பாத்துக்கன்னுதான சொன்னேன்."

அதன்பிறகு பல மாதம் பங்காரு மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு, ஃபீஸ், டவல் என்று ஒற்றை வார்த்தைகளோடு சரி.

வெங்கடம்மாள் நல்ல மனுஷி. ராமாமணி சொன்னதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுங்கள், பிள்ளைகளிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம், மற்றது வெளியே தெரிந்தால் பெற்றவர்கள் வந்து சண்டை பிடிப்பார்கள் என்றார். ராமாமணி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வகுப்பில் ஒரு தடவை நின்று பேசவேண்டும், அதற்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டார். பங்காரு பள்ளி கேட்டுக்கு வெளியே பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ராமாமணி அன்றைக்குக் கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தார். வகுப்பு எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. அவர் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். சாய்ப்ரியா தலையைத் தூக்கவில்லை.

"புள்ளைங்களா, நான் போர்டுல தப்புப் போட்டதெல்லாம் டெஸ்ட் இல்ல. எனக்கு மூளையில ஒரு வியாதி வந்திருக்குது. அதனால தப்பாப் போட்டிருக்கறேன். உங்களுக்குப் புரியாமப் போனது உங்க மண்டை சரியில்லாததால இல்ல. நான் சொல்லிக்குடுத்தது சரியில்ல. அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, எழுதி வைத்ததில் எதெல்லாம் தப்பு என்று கேட்டது. அடித்துவிட்டால் போகிறது என்று நினைத்திருக்கும்.

"எது எதுன்னு எனக்கே தெரியல கண்ணு" என்றார் ராமாமணி. "தெரிஞ்சா நானே வந்து அடிச்சுக் குடுத்துருவேன்."

சொல்லிவிட்டுச் சற்று நின்றார். பிறகு பழக்கத்தில் கை சாக்பீஸ் டப்பாவுக்குப் போயிற்று. ஒன்றை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பி, இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டார். கதவருகில் நின்ற வெங்கடம்மாள் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

*

புதிதாக மதன்குமார் என்று ஒரு சார் வந்தார். இளவயது, வேகமாகப் பேசுவார். இயற்கணிதத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு புது நோட்டுப் போட்டார்கள். நாலைந்து பெற்றோர் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

சாய்ப்ரியாவுடன் யாரும் சண்டை போடவில்லை. பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். காலாண்டில் தவறியவர்களுக்கு அவள்மேல் இருந்த கோபம் டீச்சர்மேல் இல்லை. டீச்சருக்கு வியாதி; இவளுக்கு என்ன? ரிஃபத் தன் பையை எடுத்துக்கொண்டு ஐந்தாவது பெஞ்சுக்குப் போனாள். போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"உங்கம்மாவைக் காப்பாத்தோணும்னு செஞ்சது புரியுது பிரியா. அதுக்கு என்னைய முட்டாளாக்கிப்போட்டியே."

சாய்ப்ரியா மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமலே அந்த வருஷம் போயிற்று. நேரிய சமன்பாடுகள் வந்தன, வரைபடம் வந்தது. எல்லாம் அவளுக்கு எளிதாகவே இருந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

ராமாமணி முதல் மாதம் வீட்டை ஒழுங்குபடுத்தினார். டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினார். அடுத்த மாதம் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டும் டப்பாவைத் திறந்து பார்த்தார். தைக்குப் பிறகு, காலையில் குளித்துச் சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார். நேரமாகிவிட்டது என்பார். பங்காரு முதலில் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். பிறகு விளக்குவதை விட்டுவிட்டு, பைக்கில் ஏற்றிக்கொண்டு ஹோப் காலேஜ் வரை ஒரு சுற்றுச் சுற்றி, பள்ளிக்கூடம் இருக்கிற தெருவை மட்டும் தவிர்த்து, திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். இறங்கியதும் ராமாமணி சேலையை மாற்றிக்கொண்டு, பள்ளி விட்டு வந்தவர் மாதிரியே காப்பி கேட்பார். பங்காரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். சமையல் அவர் கைக்கு வந்தது. பச்சைப்பயறு கடைந்தால் சாய்ப்ரியாவின் தட்டில் ஒரு கரண்டி அதிகமாக விழும். பேச்சு மட்டும் வரவில்லை.

முழுப்பரீட்சை முடிந்த மறுநாள், வெயில் தாழ்ந்த நேரத்தில் ரிஃபத் வந்தாள். தனியாக வந்தாள். வாசலில் நின்ற சாய்ப்ரியாவிடம், தரையைப் பார்த்தபடி, டீச்சரைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். சாய்ப்ரியா ஒதுங்கி வழிவிட்டாள்.

ராமாமணி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். வந்தவளைப் பார்த்துச் சிரித்தார். வா கண்ணு, சாப்பிட்டாயா என்றார். பெயர் சொல்லவில்லை. ரிஃபத் கீழே உட்கார்ந்து, கணக்குப் பரீட்சையில் எல்லாக் கேள்வியும் எழுதியதாகச் சொன்னாள். காரணிப்படுத்துகிற கணக்கு எப்படி வந்தது, அதில் எங்கே கொஞ்சம் மாட்டிக்கொண்டாள், பிறகு எப்படி வெளியே வந்தாள் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னாள். ராமாமணி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிள்ளைகள் சொல்வதை எப்போதும் கேட்கிற மாதிரியே, முகத்தைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு கேட்டார். எதுவும் உள்ளே போகவில்லை என்று சாய்ப்ரியாவுக்குத் தெரிந்தது. ரிஃபத்துக்கும் தெரிந்திருக்கும். அவள் நிறுத்தாமல் கடைசி வரை சொன்னாள்.

அன்றைக்கு வார லீவு என்பதால் பங்காரு சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் படிக்கற கண்ணு" என்றார் ராமாமணி. "உங்களுக்குக் கணக்கு யாரு எடுக்கறாங்க?"

ரிஃபத் ஒருதரம் சாய்ப்ரியாவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு மாதத்தில் அவள் சாய்ப்ரியாவை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இப்ப மதன்குமார் சாருங்க டீச்சர். அதுக்கு முன்னாடி நீங்க எடுத்தீங்க."

"நானா?"

"ஆமாங்க டீச்சர்."

ராமாமணி மடியில் இருந்த துவாலையை நீவிவிட்டார். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது.

"நல்லா எடுத்தனா?"

சமையல்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றது. பொய் சொல்லக் கூடாது என்று ரிஃபத் ஏற்கனவே முடிவு செய்துகொண்டு வந்தவள் மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு நல்லா எடுத்தீங்க டீச்சர். எனக்கு எடுக்கறப்ப உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்க."

ராமாமணி அதைக் கேட்டுக்கொண்டார். "பாவம், நீ ரொம்பச் சிரமப்பட்டிருப்ப" என்றார்.

பங்காரு ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். அவர் ரிஃபத்தையும் பார்க்கவில்லை, ராமாமணியையும் பார்க்கவில்லை. சுவரோடு சாய்ந்து நின்ற மகளைப் பார்த்தார்.

"கண்ணு, எல்லாருக்கும் காப்பி வெக்கறேன்" என்றார். "வந்து சக்கரை போடு. எனக்கு அளவு தெரியறதில்ல."

சாய்ப்ரியா உள்ளே போனாள். அடுப்பில் பால் ஏறுகிற வரைக்கும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.